ஸ்பிரிங் கேமில் மின்னியவர் நிஜமாகவே நட்சத்திரமா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். ஒரு கல்லூரி டீம் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு மேட்ச் ஆடுகிறது. வெளியிலிருந்து எதிரணி கிடையாது. கோப்பை கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. இதைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? நூறு பேர்? ஹாஸ்டலே கிளம்பி வந்தாலும் ஒரு ஐந்நூறு பேர்?

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மேட்ச் நடந்தது. வந்தவர்கள் 1,00,189 பேர். அச்சுப் பிழை இல்லைங்க, ஒரு லட்சத்துக்கும் மேலேதான்.

இதற்குப் பெயர் ஸ்பிரிங் கேம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் டீம்கள் வசந்தகாலத்தில் தங்களுக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம். ஆட்டம் முடிந்த மறுநாளே "நேற்று மின்னிய ஐந்து பேர்" மாதிரியான பட்டியல்கள் எல்லாப் பக்கத்திலும் வந்துவிடும். ரசிகர்கள் அதை வைத்துக்கொண்டு அடுத்த நாலு மாதம் கனவு காண்பார்கள். அந்தப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஃபுட்பால் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். உள்ளே இருப்பது நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்தான், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

முதலில், இது என்ன ஆட்டம்?

மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடுகிற ஃபுட்பால் இல்லை இது. நீள்வட்டப் பந்து, ஹெல்மெட், தோள்பட்டைக் கவசம் என்று ஆடுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம், இரண்டு முனையிலும் கூடுதலாக 10 யார்டு எண்ட் ஸோன். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறி முன்னேறி எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி.

மூன்று பேரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். அந்த ரிசீவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு தடுப்பவர் கார்னர்பேக்.

சீசன் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து டிசம்பர் வரை ஓடும். பெரிய டீம்களுக்கு ஜனவரி வரை நீளும். அதற்குப் பிறகு மார்ச், ஏப்ரலில் வசந்தகாலப் பயிற்சி. விதிப்படி மொத்தம் 15 பயிற்சி நாட்கள்தான். அதில் கடைசி நாளையோ கடைசிக்குப் பக்கத்து நாளையோ பல கல்லூரிகள் ரசிகர்களுக்குத் திறந்துவிடும். அதுதான் ஸ்பிரிங் கேம்.

இந்த 15 என்ற எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் பார்ப்பது 15-ல் ஒன்று. கோச் பார்ப்பது பதினைந்தும். அதிலும் ஒவ்வொரு நாளும் வீடியோ எடுத்து, ரீவைண்ட் பண்ணி, ஒவ்வொருத்தர் கால் எங்கே இருந்தது என்பது வரை பார்ப்பார்கள். மறுநாள் வரும் பட்டியல், 15 யூனிட்டில் ஒரே ஒரு யூனிட் படித்துவிட்டு எழுதிய விடைத்தாள் மாதிரி.

ஒரு நிஜ கேஸ்: அலபாமா, 2017

அலபாமா பல்கலைக்கழகத்தின் ஸ்பிரிங் கேமுக்கு ஏ-டே என்று பெயர். நிக் சேபன் கோச்சாக வந்த முதல் வருஷம், 2007-ல், அதைப் பார்க்க 92,138 பேர் வந்தார்கள். அவர் காலத்தில் ஒரு சுவாரஸ்யமான வழக்கமும் உண்டு: ஜெயித்த பாதி டீமுக்கு விருந்தில் மாட்டிறைச்சி ஸ்டேக், தோற்ற பாதிக்கு பீன்ஸ். ஆக, பந்தயமே சாப்பாடுதான்!

2017 ஏப்ரல் ஏ-டேவுக்கு வருவோம். அப்போது அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். முதலாம் ஆண்டிலேயே டீமை தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். அந்த இறுதியில் கிளெம்சனிடம் 35-31 என்று கடைசி நொடிகளில் தோற்றார்கள். அவருக்குப் போட்டியாக ஹவாயிலிருந்து ஒரு புதுப் பையன் வந்திருந்தான். பெயர் டுவா டாகோவைலோவா. பள்ளியைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஜனவரியிலேயே கல்லூரியில் சேர்ந்தவன். அதாவது சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

அன்றைய கணக்கு இது:

டுவா: 29 எறிந்தார், 17 சேர்ந்தது, 313 யார்டு, 3 டச்டவுன், 1 முறை எதிர்ப்பக்கம் பிடித்தது.
ஹர்ட்ஸ்: 25 எறிந்தார், 16 சேர்ந்தது, 301 யார்டு, 2 டச்டவுன்.

மறுநாள் பேச்செல்லாம் டுவாதான். 313 பெரிது, 301 சின்னது. 3 பெரிது, 2 சின்னது. அவ்ளோதானே?

ஆனால் நாம் இன்ஜினியரிங் படிக்கிறோம். மொத்தத்தைப் பார்த்தால் போதாது, எதால் வகுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு?

டுவா: 313 ÷ 29 = 10.8
ஹர்ட்ஸ்: 301 ÷ 25 = 12.0

எறிந்ததில் எவ்வளவு சேர்ந்தது?

டுவா: 17 ÷ 29 = 58.6 சதவீதம்
ஹர்ட்ஸ்: 16 ÷ 25 = 64 சதவீதம்

அட, இப்போது ஹர்ட்ஸ் முன்னால் வந்துவிட்டாரே! அதே நாள், அதே ஆட்டம், அதே எண்கள். வகுத்தல் ஒன்றுதான் வித்தியாசம். "மின்னியவர்" யார் என்பதே மாறிவிட்டது.

சரி, அப்போ ஹர்ட்ஸ்தான் பெட்டரா?

அவசரப்படாதீர்கள். அடுத்த படி இன்னும் முக்கியம். 64-க்கும் 58.6-க்கும் உள்ள வித்தியாசம் திறமையால் வந்ததா, தற்செயலா?

ஒரு குவார்ட்டர்பேக்கின் உண்மையான திறமை 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது வாழ்நாள் முழுக்க எறிந்துகொண்டே இருந்தால் பத்துக்கு ஆறு சேரும். அவர் ஒரு மதியத்தில் 20 தடவை எறிந்தால் சரியாக 12 சேருமா? சேராது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எப்போதும் ஐந்து தலை விழுவதில்லையே, அதே கதை. எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு இரண்டாம் வருஷப் புத்தகத்தில் இருக்கும் அதே சூத்திரம்:

திட்ட விலக்கம் = √(0.6 × 0.4 ÷ 20) ≈ 0.11

அதாவது 11 சதவீதப் புள்ளி. அவர் 49 சதவீதம் போட்டாலும் சரி, 71 சதவீதம் போட்டாலும் சரி, அது ஒரு சாதாரண நாள்தான். 49 போட்டால் நாம் "சொதப்பிட்டான்" என்போம், 71 போட்டால் "வேற லெவல்" என்போம். ஆனால் ஆள் ஒருவரே, திறமையும் ஒன்றே.

இதே ஆள் ஒரு சீசன் முழுக்க 350 தடவை எறிந்தால்? √(0.24 ÷ 350) ≈ 0.026. விலக்கம் 2.6 சதவீதப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது 64 என்றால் அதை நம்பலாம். சாம்பிள் சைஸ் என்று சார் போர்டில் எழுதிப் போடுவாரே, அதன் முழு அர்த்தமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஏ-டேவுக்கே இதைப் போட்டுப் பாருங்கள். 29 எறிதல், 25 எறிதல் என்ற இரண்டு சாம்பிளுக்கும் இடையிலான வித்தியாசத்தின் திட்ட விலக்கம் √(0.24 ÷ 29 + 0.24 ÷ 25) ≈ 0.134. 13.4 சதவீதப் புள்ளி. நாம் கண்ட வித்தியாசம் வெறும் 5.4. சத்தத்துக்குள் மூழ்கிப்போன வித்தியாசம். எண்கள் நேர்மையாகச் சொல்வது இதுதான்: அன்றைக்கு இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த "பிரித்துச் சொல்ல முடியாது" என்பதே பெரிய செய்தி! ஏன்? ஒருவர் தேசிய இறுதி ஆடிய அனுபவசாலி. இன்னொருவர் போன டிசம்பர் வரை பள்ளி மாணவர். நாலு மாதத்தில் அவர் இவர் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றால், அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 313 என்ற எண் முக்கியமில்லை. அந்த எண்ணை யார், எந்த நிலையிலிருந்து போட்டார் என்பதுதான் முக்கியம்.

பிறகு என்ன நடந்தது?

சேபன் ஏ-டேவைப் பார்த்துவிட்டு ஆளை மாற்றவில்லை. 2017 சீசன் முழுக்க ஹர்ட்ஸ்தான் முதல் குவார்ட்டர்பேக். டீம் 12 வெற்றி, 1 தோல்வியோடு தேசிய இறுதிக்குப் போனது. 2018 ஜனவரி 8, அட்லாண்டா. எதிரணி ஜார்ஜியா. பாதி ஆட்டம் முடியும்போது ஜார்ஜியா 13, அலபாமா 0.

இரண்டாம் பாதியில் களத்துக்கு வந்தது டுவா. ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜியா முதலில் 3 புள்ளி எடுத்தது, 23-20. அலபாமாவின் முதல் முயற்சியில் டுவா மாட்டிக்கொண்டு 16 யார்டு பின்னால் போனார். முடிந்தது என்று எல்லாரும் நினைத்த அடுத்த முயற்சியில் டெவோன்டா ஸ்மித்துக்கு 41 யார்டு எறிந்தார். டச்டவுன். 26-23. சாம்பியன்.

இதைப் படித்ததும் "பாத்தீங்களா, ஏப்ரல்லயே தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் நடுவில் ஹர்ட்ஸ் ஜெயித்துக் கொடுத்த 12 ஆட்டங்கள் இருக்கின்றன. அவை இல்லாமல் அந்த இறுதியே இல்லை. அதோடு ஹர்ட்ஸின் கதையும் அங்கே முடியவில்லை. அதே 2018 டிசம்பரில் டுவா காயம்பட்டபோது அவர் உள்ளே வந்து அதே ஜார்ஜியாவை வீழ்த்தினார். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய் 2019 ஹைஸ்மன் விருதுப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். ஹைஸ்மன் என்பது கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருது. 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்காக சூப்பர் பௌல் வென்று அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் ஆனார்.

அதே ஏ-டேயில் சிறந்த வீரர் விருது வாங்கியவர் இவர்கள் இருவருமே இல்லை. ஜெரி ஜூடி என்ற ரிசீவர். அவரும் ஜனவரியில்தான் சேர்ந்திருந்தார். அந்த சீசனில் அவர் பிடித்தது 14 பந்துகள் மட்டுமே. "ஸ்பிரிங் கேம் ஹீரோ, சீசனில் ஜீரோ" என்று முடிவு கட்டியிருந்தால்? அடுத்த வருஷம் 68 பந்து, 1,315 யார்டு, 14 டச்டவுன், நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. ஏப்ரல் சொன்ன செய்தி சரி. ஆனால் அது பலிக்க ஒன்றரை வருஷம் ஆனது.

பட்டியலை நம்புவதற்கு முன் ஐந்து வடிகட்டிகள்

ஒன்று, எதிரில் நின்றது யார்? ஸ்பிரிங் கேமில் ஒரு ரிசீவர் 60 யார்டு டச்டவுன் அடித்தால் அரங்கம் அதிரும். ஆனால் தோற்றுப்போன கார்னர்பேக்கும் நம்ம டீம்தானே? ஒரு பக்கத்தின் ஒவ்வொரு நல்ல ஆட்டமும் மறுபக்கத்தின் ஒரு பிழை. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். சந்தோஷப்படுகிற ரசிகர் அதே அளவு கவலையும் படவேண்டும். அதோடு அந்தக் கார்னர்பேக் முதல் வரிசை ஆளா, மூன்றாம் வரிசை ஆளா என்று பாருங்கள். பெயர்போன சீனியர்களைக் காயம் படக்கூடாது என்று உட்கார வைத்துவிடுவது வழக்கம்.

இரண்டு, விதிகள் என்ன? குவார்ட்டர்பேக்குக்குத் தனி நிற ஜெர்சி கொடுத்திருப்பார்கள். அவரைக் கீழே தள்ளக் கூடாது; தொட்டாலே விசில். இது பந்தை நின்று எறிபவருக்குச் சாதகம், ஓடித் தப்பிப்பவருக்குப் பாதகம். ஹர்ட்ஸ் 2016 சீசனில் தன் காலால் மட்டும் 954 யார்டு ஓடியவர். ஏ-டேயில் அந்தப் பாதித் திறமை கண்ணுக்கே தெரியாது. ஒரு சோதனைக் கருவி எதை அளக்கவே முடியாதோ, அதில் ஒருவர் பூஜ்யம் என்று எழுதக் கூடாது.

மூன்று, எதை மறைக்கிறார்கள்? ஆட்டம் டிவியில் வருகிறது. செப்டம்பரில் மோதப்போகும் எதிரணி கோச்சும் நோட்டும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் புத்தகத்தில் உள்ள எளிய உத்திகளை மட்டும் ஆடுவார்கள். இதை அங்கே வனிலா என்பார்கள். ஐஸ்கிரீம் கடையில் வெறும் வனிலாவை மட்டும் ருசித்துவிட்டுக் கடையை எடைபோடுகிற மாதிரி.

நான்கு, எத்தனை பேரில் ஒருவர்? இது எல்லாரும் தவறவிடும் வடிகட்டி. ஒரு வீரருக்கு வெறும் அதிர்ஷ்டத்தால் ஒரு சூப்பர் நாள் அமைய 5 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் 30 பேர் பந்தைத் தொடுகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு அப்படி அமைய வாய்ப்பு எவ்வளவு? 1 − (0.95)³⁰ ≈ 0.79. கிட்டத்தட்ட 79 சதவீதம்! அதாவது யாருமே உண்மையில் முன்னேறாவிட்டாலும், பெரும்பாலான வருஷங்களில் ஒரு "புதிய நட்சத்திரம்" பிறந்தே தீருவார். பட்டியல் எழுதுபவர் ஆட்டம் முடிந்த பிறகு அவரைத் தேடி எடுக்கிறார். அம்பு எய்த பிறகு அதைச் சுற்றி வட்டம் வரைவது போல.

ஐந்து, ஒரே ஒரு ஆட்டம் மொத்தத்தையும் தூக்கிவிட்டதா? 3 பந்தில் 154 யார்டு என்றால் சராசரி 51. பிரமாதம். ஆனால் அதில் ஒன்று மட்டுமே 98 யார்டு என்றால்? மிச்சம் 2 பந்தில் 56. இதுவும் நல்ல கணக்குதான், ஆனால் தலைப்புச் செய்தி இல்லை. இது கற்பனைக் கணக்கு இல்லை. அடுத்த பகுதியில் அந்த ஆளைச் சந்திப்போம்.

புள்ளி எண்ணிக்கையே கணக்கில் வராது என்பதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. 2013-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்பிரிங் கேமில் மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த 7 வயதுச் சிறுவன் ஒருவனைக் களத்தில் இறக்கினார்கள். பந்தைக் கையில் கொடுத்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் வழிவிட, அவன் 69 யார்டு ஓடி டச்டவுன் வைத்தான். இரண்டு பக்க வீரர்களும் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் மறக்காத டச்டவுன் அது. ஸ்பிரிங் கேம் எதற்கு என்று கேட்டால், இதற்கும்தான்.

மின்னியவர் கிளம்பிப் போனால்?

2023 ஏப்ரல், கொலராடோ பல்கலைக்கழகம். முந்தைய சீசனில் 1 வெற்றி, 11 தோல்வி. புது கோச் டியான் சாண்டர்ஸ் வந்ததும் ஊரே மாறிவிட்டது. பனி பெய்துகொண்டிருந்தும் ஸ்பிரிங் கேமுக்கு 47,277 பேர். அன்று மின்னியவர்களில் ஒருவர் மொன்டானா லெமோனியஸ்-கிரெய்க். கோச்சின் மகனான குவார்ட்டர்பேக் ஷெடூர் எறிந்த பந்தைப் பிடித்து 98 யார்டு டச்டவுன். மொத்தம் 3 பந்து, 154 யார்டு.

சில நாட்களுக்குள் அவர் டீமை விட்டு விலகும் பட்டியலில் தன் பெயரைப் போட்டார். அடுத்து ஆடப் போனது அரிசோனாவில். அன்றைய பட்டியலில் முதலில் இருந்த பெயர், செப்டம்பரில் டீமிலேயே இல்லை.

இங்கேதான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற விஷயம் உள்ளே வருகிறது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையத் தளம் இது. 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021-ல் ஒருமுறை மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. பிறகு மாறுவதற்கான காலக்கெடுக்களில் ஒன்று ஏப்ரல் பிற்பாதியில் வைக்கப்பட்டது. அதாவது ஸ்பிரிங் கேம் முடிந்த கையோடு! மின்னினால் வேறு டீம் அள்ளிக்கொண்டு போகலாம். மின்னாவிட்டால் "உனக்கு இங்கே இடமில்லை" என்ற பேச்சு வரலாம்.

இதனால் 2025-ல் சில கல்லூரிகள் ஆட்டத்தையே கைவிட்டன. நெப்ராஸ்காவின் கோச் மேட் ரூல், டிவியில் நம் பசங்களைக் காட்டினால் மற்றவர்கள் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்ற கவலையை வெளிப்படையாகவே சொன்னார். டெக்ஸஸும் தன் ஆட்டத்தை நிறுத்தியது. இரண்டு சீசன்களில் 30 ஆட்டம் ஆடிக் களைத்த உடம்புகள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு 2026 முதல் ஏப்ரல் காலக்கெடுவே நீக்கப்பட்டு, ஜனவரியில் மட்டும் என்று ஆகிவிட்டது.

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளின் ஃபுட்பால் டீமில் மொத்தம் 105 பேர்தான் இருக்கலாம். முன்பு உதவித்தொகை 85 பேருக்கு மட்டும் என்றாலும், அதற்கு வெளியே சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடுபவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அவர்களை வாக்-ஆன் என்பார்கள். ஜார்ஜியாவின் ஸ்டெட்சன் பென்னட் அப்படி உள்ளே வந்தவர்தான். 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு சீசன்களில் டீமைத் தேசிய சாம்பியன் ஆக்கிய குவார்ட்டர்பேக் ஆனார். வரிசையின் கடைசியில் நிற்கும் இன்னொரு பென்னட்டுக்கு ஒரு மதிய ஆட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இடம் இருக்குமா, ஃபீஸ் யார் கட்டுவது என்ற கேள்வி அது.

கோச் சரி, வீரரும் சரி

கடைசியாக ஒரு கேஸ். 2018 ஓஹையோ ஸ்டேட். காலியாக இருந்த குவார்ட்டர்பேக் இடத்துக்கு டுவேன் ஹாஸ்கின்ஸும் ஜோ பர்ரோவும் போட்டி. ஸ்பிரிங் கேமில் யார்டு கணக்கில் பர்ரோதான் முன்னால். பட்டியல்படி பார்த்தால் அவருக்குத்தான் இடம். ஆனால் முந்தைய நவம்பரில், மிச்சிகனுக்கு எதிரான நிஜ ஆட்டத்தில், முதல் குவார்ட்டர்பேக் காயம்பட்டு வெளியேறியபோது உள்ளே வந்து ஜெயித்துக் கொடுத்தவர் ஹாஸ்கின்ஸ். நிஜ ஆட்டத்தின் சான்றுக்குப் பயிற்சி ஆட்டத்தைவிட எடை அதிகம். மே மாதம் பர்ரோ எல்எஸ்யு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கோச் தப்புப் பண்ணிவிட்டாரா? 2018-ல் ஹாஸ்கின்ஸ் எறிந்தது 50 டச்டவுன். டீம் தங்கள் லீகின் சாம்பியன். அப்போ பர்ரோ சுமாரான ஆளா? 2019-ல் எல்எஸ்யுவுக்காக 60 டச்டவுன், ஹைஸ்மன் விருது, 15 ஆட்டத்தில் 15 வெற்றி, தேசிய சாம்பியன். இரண்டு பேருமே அசல் தங்கம். இருந்த நாற்காலி ஒன்றுதான். இடம் கிடைக்காதது என்பது திறமை இல்லாதது ஆகாது. தேர்வு செய்தவர் சரியாகவே தேர்வு செய்திருக்கலாம், விடுபட்டவரும் உச்சத்துக்குப் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அடுத்த முறை பார்க்கும்போது

யூடியூபில் ஏதாவது ஒரு ஸ்பிரிங் கேம் ஹைலைட்ஸ் பார்த்தால் பந்தை மட்டும் பின்தொடராதீர்கள். இவற்றைக் கவனியுங்கள்:

புதிதாகச் சேர்ந்தவர் முதல் வரிசையோடு நிற்கிறாரா? கோச் 14 நாள் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. எந்த டச்டவுனையும்விடக் கனமான தகவல்.

ஒரே வீரர் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறாரா? ஒரு 98 யார்டைவிட, எட்டு முறை மோதி ஏழு முறை தன் எதிராளியை நகர்த்திய லைன்மேன் நம்பகமானவர். அவர் பெயர் பட்டியலில் வராது.

ஓட்டத்தின் வேகம், எறியும் தூரம், உடல்வாகு போன்றவை அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. ஒருமுறை பார்த்தாலே நம்பலாம். முடிவு எண்களுக்குத்தான் நிறைய சாம்பிள் வேண்டும்.

வீட்டுக் கணக்கு

ஒரு டீமில் மூன்று குவார்ட்டர்பேக். மூவரின் உண்மையான திறமையும் 60 சதவீதம். ஒவ்வொருவரும் 18 முறை எறிகிறார்கள். குறைந்தது ஒருவராவது 14 அல்லது அதற்கு மேல் சேர்த்து "78 சதவீத ஹீரோ" ஆவதற்கு வாய்ப்பு என்ன? பைனாமியல் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு சுமார் 9.4 சதவீதம் வரும். மூவரில் ஒருவருக்காவது என்றால் சுமார் 26 சதவீதம். நாலு வருஷத்தில் ஒரு வருஷம் இப்படி ஒரு ஹீரோ சும்மாவே கிடைப்பார்.

இதைப் படித்த கையோடு உங்கள் விஷயத்துக்கும் போட்டுப் பாருங்கள். முதல் மாக் இன்டர்வியூவில் சொதப்பினீர்களா? அது ஒரு எறிதல். பக்கத்து பெஞ்ச் ஆள் முதல் இன்டர்னலில் 48 வாங்கினாரா? அதுவும் ஒரு எறிதல்தான். எதிரில் யார் இருந்தார், விதி என்ன, எத்தனை பேரில் ஒருவர், எது அளக்கப்படவே இல்லை என்று கேளுங்கள். அப்புறம் அடுத்த 14 நாள் பயிற்சிக்குப் போங்கள். பார்க்க வேண்டியவர்கள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.